மூன்றாம் பயணத்தில் ஓர் இடம்

ஏகிள் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி, மஞ்சள் நிறத் தபால் பேருந்தில் ஏறி, நாற்பது நிமிடம் வளைந்து வளைந்து மேலே போனால், பாதை முடிகிற இடத்தில் ஒரு விடுதி இருக்கிறது. பெயர் 'லே திறுவா மெலேஸ்'. மூன்று லார்ச் மரங்கள் என்று அர்த்தம். வாசலில் நிற்பவை இரண்டுதான். மூன்றாவதை 1999 மார்கழியில், கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு மறுநாள் அடித்த காற்று வேரோடு சாய்த்துவிட்டது. பெயர்ப்பலகையை மாற்றலாமே என்று யாராவது கேட்டால் விடுதிக்காரர்களிடம் பதில் தயாராக இருக்கும். மரம் விழுந்தது காற்றின் குற்றம், பலகை என்ன செய்தது என்பார்கள்.

விடுதி றூயே குடும்பத்தினுடையது. நான்கு தலைமுறை. முப்பத்திரண்டு அறைகள். அந்தக் குடும்பத்தார் ஆண்டுகளை எண்ணுவதில்லை, புயல்களைத்தான் எண்ணுவார்கள். "அது ஐம்பத்தொன்றுப் பனிக்கு முதல்" என்பார்கள், "அது மரம் விழுந்த காற்றுக்குப் பிறகு" என்பார்கள். ஐம்பத்தொன்றில் பனி முதல் மாடி யன்னலைத் தொட்டது என்று பழைய முதலாளி முசியே றூயே சொல்லுவார். அவருடைய மகள் மிறேய் அதே கதையைச் சொல்லும்போது பனி இரண்டாம் மாடிக்கு ஏறியிருக்கும். இன்னும் ஒரு தலைமுறை போனால் கூரை தப்பாது.

இந்தப் புயல்களில் கடைசி நான்கையும் விடுதிக்குள் இருந்தே பார்த்த மனிதர் ஒருவர்தான். அவர் றூயே குடும்பத்தவர் அல்லர். மன்னாரில் பேசாலையைச் சேர்ந்த யேசுதாசன்.

யேசுதாசன் 1991-இல் அங்கே கோப்பை கழுவ வந்தார். அப்போது இருபத்தேழு வயது. வந்த அன்றே பெயரில் ஒரு சிக்கல். முசியே றூயே ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். 'யேசு' என்றால் யார் என்று விளங்கிய பிறகு, "யேசு, அந்த உருளைக்கிழங்குச் சாக்கைத் தூக்கு" என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஆகவே பெயரின் பின்பாதியை எடுத்து 'தாஸ்' ஆக்கினார். முப்பத்துநான்கு ஆண்டுகளாக மலையில் அவர் தாஸ். லோசானில் மனைவி செசீலியாவுக்கு "இஞ்சருங்கோ". அவரை முழுப் பெயர் சொல்லி அழைத்தது வதிவிட அனுமதி கொடுக்கும் கந்தோர் மட்டுந்தான். அதுவும் பிழையாக.

கோப்பை கழுவியவர் மூன்றாம் ஆண்டு பொயிலர் அறைக்குப் போனார். விடுதியில் அது சின்ன விசயமில்லை. குளிர்காலத்தில் பொயிலர் நின்றால் குழாய்களில் தண்ணீர் உறையும், உறைந்தால் குழாய் வெடிக்கும், வெடித்தால் சுவரெல்லாம் போய்விடும். அதனால் றூயே வீட்டில் தாத்தா காலத்து விதி ஒன்று இருந்தது. புயலில் பாதை மூடினால் முதலில் விருந்தினர் இறங்கவேண்டும், பிறகு வேலையாட்கள், பிறகு குடும்பம். பொயிலர் திறப்பு, அதாவது அந்த அறையின் சாவி, யாருடைய இடுப்பில் தொங்குகிறதோ அவர் கடைசி. அந்தத் திறப்பை முசியே றூயே தன் இடுப்பிலிருந்து கழற்றி யேசுதாசனிடம் கொடுத்தபோது சமையலறையில் எல்லோரும் கை தட்டினார்கள். யேசுதாசன் செசீலியாவிடம் இதைச் சொன்னார். அவர் திறப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதாலை சம்பளம் கூடுமோ?" என்று கேட்டார். கூடவில்லை.

செசீலியாவுக்கு லோசானில் ஆசுப்பத்திரியில் துப்புரவு வேலை. கணவன் கிழமைக்கு ஐந்து நாள் மேலே, இரண்டு நாள் கீழே. கலியாணம் முடித்து ஐந்து ஆண்டு பிள்ளை தங்கவில்லை. 1998 ஆடியில் தங்கியது.

1999 மாசியில் மலை முழுக்கப் பனி கொட்டியது. சும்மா கொட்டவில்லை, மூன்று கிழமை விடாமல் கொட்டியது. விடுதிக்குப் போகும் பாதையின் மேல் ஒரு ஞாயிறு காலை பனிச்சரிவு விழுந்தது. விழ முன்னம் கடைசியாக வந்த தொலைபேசி அழைப்பு யேசுதாசனுக்கு. பேசியது பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி.

"அண்ணை, செசீலியாவை ஆசுப்பத்திரியிலை மறிச்சுப்போட்டினம். கால் ரெண்டும் வீக்கம். பிரசர் கூடிப்போச்சாம். பயப்பிடாதையுங்கோ, நான் பக்கத்திலைதான் இருக்கிறன். ஏலுமெண்டால் வந்திட்டுப் போங்கோவன்."

"வாறன்" என்றார். அரை மணி நேரத்தில் பாதை போனது. அன்று மாலைக்குள் தொலைபேசியும் போனது.

இதுவரை அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. பனிச்சரிவை யார் தடுக்க முடியும்.

புதன்கிழமை காலை வானம் கொஞ்சம் வெளித்தது. ஹெலிகொப்டர் வந்தது. விருந்தினர்களில் அவசரமானவர்களைப் பள்ளத்தாக்கில் இறக்க மூன்று பயணம். முதல் இரண்டும் நிறைந்துவிட்டன. மூன்றாவதில் ஐந்து இடம், நான்கு பேர்தான் இருந்தார்கள். முசியே றூயே சாப்பாட்டு மண்டபத்தின் நடுவே நின்று, மிஞ்சிய எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "ஓர் இடம் இருக்கிறது. அவசரமாகக் கீழே போகவேண்டியவர் யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள்."

யேசுதாசன் கடைசி மேசையருகே நின்றார். கை இரண்டும் பின்னால் கட்டியிருந்தன.

இந்த இடத்தில் அவருக்காக வாதாடுவது சுலபம். அப்போது அவரிடம் இருந்தது 'எஃப்' அனுமதி. ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். முதலாளி நல்ல மாதிரி ஒரு கடிதம் கொடுத்தால் நிரந்தர அனுமதி கிடைக்கும் என்று ஆட்கள் சொல்லியிருந்தார்கள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அகதியாக வந்தவன் எதையும் கேட்கக்கூடாது. லீவு கேட்டால் சோம்பேறி என்று நினைப்பான், உடம்புக்கு வருத்தம் என்றால் உதவாதவன் என்று நினைப்பான், வீட்டில் பிரச்சினை என்றால் ஆளை மாற்றிவிடுவான். செசீலியா பிள்ளைத்தாச்சி என்பதையே யேசுதாசன் முதலாளிக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறந்த பிறகு ஒரு பெட்டி சொக்கிளேற்றோடு போய்ச் சொல்லலாம் என்று இருந்தார். இப்போது நாற்பது பேர் முன்னால், உடைந்த பிரெஞ்சில், அதையெல்லாம் ஆரம்பத்திலிருந்து எப்படிச் சொல்வது?

முசியே றூயே நேரே அவரிடமே வந்தார். "தாஸ், நீ போகிறாயா? நான்கு நாளாக நீ நித்திரை கொள்ளவில்லை. பொயிலரை நான் பார்க்கிறேன். நீ பிறக்க முன்னமே நான் பார்த்ததுதான்."

யேசுதாசன் தலையை ஆட்டினார். வேண்டாம் என்ற ஆட்டல். கிழவர் அவர் தோளில் கையை வைத்தார். அந்தக் கை பட்டது அப்போது அவருக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஹெலிகொப்டர் நான்கு பேரோடு போனது. ஐந்தாவது இடம் வெறுமையாகப் போனது.

வியாழக்கிழமை லோசானில் பெடியன் பிறந்தான். ஆறு கிழமை முந்திவிட்டான். மூச்சு சரியாக வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தாதி வந்து, கோயில்காரர் யாரையாவது கூப்பிடவா என்று செசீலியாவிடம் கேட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று செசீலியாவுக்குத் தெரியும். அதே ஆசுப்பத்திரியில் வேலை செய்கிறவர் அல்லவா. சுவாமியார் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். வயிற்றில் தையலோடு செசீலியாவால் எழும்ப முடியாது, பிள்ளையின் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டிலை உருட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றது ஞானேஸ்வரி மட்டும்.

"ஞானேசு, நீர் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தும்."

"நான் சைவமெல்லோ? செல்லுமோ?"

"செல்லும். அவசரத்துக்கு ஆரும் ஊத்தலாம். நான் சொல்லித்தாறன், நீர் சொல்லும்."

நெற்றியில் குங்குமத்தோடு ஞானேஸ்வரி பிளாஸ்ரிக் கோப்பையில் குழாய்த் தண்ணீர் எடுத்து, செசீலியா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, மூன்று தரம் ஊற்றினார். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே. பெயர் லூக்காஸ். தகப்பன் இல்லாததால் தாயே தனியாகத் தீர்மானித்த பெயர். சனிக்கிழமை காலை லூக்காஸ் இறந்துபோனான்.

அன்று மாலை தொலைபேசி திருத்தினார்கள். யேசுதாசன் எடுத்தார். செசீலியாவின் கட்டிலுக்கே தொடர்பு கிடைத்தது. செய்தியைக் கேட்டார். அந்தப் பக்கம் அழுகை ஓய்ந்து, "ஏன் வரேல்லை? ஹெலிகொப்டர் வந்ததெண்டு ரீவியிலை காட்டினவங்களே" என்ற குரல் வந்தது. யோசிக்க நேரம் எடுக்கவில்லை, வாய் தானாகவே சொன்னது. "வந்தது. எனக்கு இடம் கிடைக்கேல்லை."

திங்கட்கிழமை பாதை திறந்தது. கீழே போய், மகனை வெள்ளைப் பெட்டிக்குள் பார்த்தார். அவ்வளவுதான் பார்த்தது.

பொய் என்பது ஒரு தரம் சொல்வதோடு முடிகிற காரியமில்லை. யேசுதாசன் அதன் பிறகு ஒரு தரமும் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டி வரவில்லை. செசீலியாவே சொன்னார். மாமி முறையான ஒருத்தி சாவீட்டில், "தகப்பன்காரன் என்ன, வேலைதான் பெரிசோ?" என்றபோது, செசீலியா படுக்கையில் எழும்பி இருந்து, "அவருக்கு இடம் கிடைக்கேல்லை, தெரியாமல் கதையாதையுங்கோ" என்றார். வவுனியாவிலிருந்து அண்ணன் எடுத்துக் கேட்டபோது சொன்னார். 2002-இல் பிறந்த மகள் மெலானி வளர்ந்து, "அண்ணா பிறக்கேக்கை அப்பா எங்கை?" என்று கேட்டபோது சொன்னார். இருபத்தாறு ஆண்டு அந்தப் பெண் தன் மனுசனுக்காக எல்லோரோடும் மல்லுக்கு நின்றார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே யேசுதாசனுக்குப் பல்கனியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மற்றபடி வாழ்க்கை நன்றாகவே போனது. முசியே றூயே எழுதிய கடிதத்தால் 2001-இல் நிரந்தர அனுமதி கிடைத்தது. கடிதத்தில் 'இடுக்கண் வேளையில் கைவிடாத மனிதர்' என்று இருந்தது. கந்தோரில் அதை வாசித்தவன் யேசுதாசனை நிமிர்ந்து பார்த்து முறுவலித்தான். 2018 தையில் இன்னொரு பெரும்பனி. நான்கு நாள் பாதை மூடி, ஐம்பத்தெட்டுப் பேர் உள்ளே. ஒரு குழாய்கூட வெடிக்கவில்லை. எண்பத்துநான்கு வயது முசியே றூயே போர்வையைச் சுற்றிக்கொண்டு பொயிலர் அறைக்கு வந்து, ஒரு கதிரையில் இருந்து, யேசுதாசன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இளவேனிலில் போய்ச் சேர்ந்தார். மகள் மிறேய் பொறுப்பெடுத்தார்.

2025-இல் விடுதிக்கு நூறு வயது. யேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளன்று கொண்டாட்டம் என்று மிறேய் முடிவு செய்தார். நீண்ட நடையின் சுவரில், புயலுக்கொரு பலகை. படங்கள், கதை, அந்தந்த ஆண்டின் ஏதாவது ஒரு பொருள். இதற்காக மேல்மாடிப் பெட்டிகளைக் கிளறியபோது தகப்பனின் குறிப்புப் புத்தகம் அகப்பட்டது. மாசி மாதம் ஒரு நாள் யேசுதாசனைக் கூப்பிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

கிழவரின் எழுத்தைப் படமெடுத்துப் பலகையின் நடுவில் போட்டிருந்தார்கள். 'மூன்றாம் பயணம். ஐந்து இடம், நான்கு பேர். தாஸிடம் கேட்டேன். நீ போ, பொயிலரை நான் பார்க்கிறேன் என்றேன். மறுத்துவிட்டான். இப்படி ஒரு மனிதனை நான் கண்டதில்லை.' மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: 'தன் இடத்தை விட்டுக்கொடுத்தவர்'. பக்கத்தில் யேசுதாசனின் பழைய படம், கறுத்த மீசையோடு.

"எங்களுக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது, தாஸ்" என்றார் மிறேய். கண் கலங்கியிருந்தது. "அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை."

யாருக்கு விட்டுக்கொடுத்தேன் என்று யேசுதாசனுக்குக் கேட்கவேண்டும் போல இருந்தது. அந்த இடத்தில் யாரும் இருக்கவில்லையே. ஆனால் வாய் இரண்டே சொல்லைச் சொன்னது. "நல்லது, மடம்."

"உங்கள் மனைவிக்கு நானே கடிதம் போட்டுவிட்டேன். பெரிய கிழமை புதன்கிழமையே வந்து தங்கட்டும். பதினாலாம் அறை, பல்கனியோடு. பலகையைப் பற்றி எழுதவில்லை. அவருக்கு அது ஒரு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும்."

செசீலியாவுக்கு ஆசுப்பத்திரியில் முப்பது ஆண்டு. பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பலகையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

யேசுதாசனுக்கு இரண்டு மாதம் கிடைத்தது. கிழமைக்கு இரண்டு நாள் வீட்டில் இருந்தார். எட்டுக் கிழமை, பதினாறு நாள். ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போனார். ஒருநாள் செசீலியாவுக்குத் தலையிடி. ஒருநாள் மெலானி வந்துவிட்டாள். தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார், சுவாமியிடமும் அதைத் தவிர எல்லாம் சொன்னார்.

புதன்கிழமை செசீலியா ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினார். உள்ளே இரண்டு சீலை, ஒரு கம்பளிச் சட்டை, மூன்று கிலோ சிவப்புப் பச்சையரிசி, பயறு, தேங்காய்ப்பால் ரின்கள். பெரிய வெள்ளி வருகிறது, கஞ்சி இல்லாமல் எப்படி? நடையில் துணி போட்டு மூடிய பலகைகளைப் பார்த்தார். "இதென்ன, தபசு காலத்துக் கோயில் சுரூபங்கள் மாதிரி மூடி வைச்சிருக்கினம்?" என்று சிரித்தார். யேசுதாசன் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு விரைவாக நடந்தார்.

பெரிய வியாழன் காலை, சித்திரை மாதம் என்றும் பாராமல், பனி கொட்டத் தொடங்கியது. ஈரப் பனி, கல்லுப் போன்ற பாரம். பத்து மணிக்குள் கொப்புகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன, மின்சாரம் போனது. மத்தியானம் பாதை போனது. யேசுதாசன் ஜெனரேற்றரை இயக்கிப் பொயிலரைக் காப்பாற்றினார். ஒரு மணி நேர வேலை. மீதி நாள் முழுக்கவும் அவர் பொயிலர் அறையிலேயே இருந்தது பொயிலரின் குற்றமில்லை.

வெள்ளிக்கிழமை விடுதியில் நாற்பத்தாறு பேர். மின் அடுப்புகள் செத்துக் கிடந்தன. எரிவாயு அடுப்பு இரண்டுதான். சமையற்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது செசீலியா உள்ளே போய், "பெரிய பானை ஒண்டு தாருங்கோ" என்று பிரெஞ்சில் கேட்டார். மத்தியானத்துக்குக் கஞ்சி கொதித்துவிட்டது. கம்பளித் தொப்பியோடு வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் ஆளுக்கொரு கோப்பை வாங்கிக் குடித்தார்கள். இரண்டாம் தரம் கேட்டவர்களும் உண்டு.

மிறேய்க்கு அந்தக் காட்சி பிடித்துவிட்டது. ஞாயிறு வரை ஏன் காத்திருக்கவேண்டும், ஆட்கள் சோர்ந்துபோய் இருக்கிறார்கள், புயலுக்குள் புயல் கதையைச் சொல்வதைவிடப் பொருத்தமான நேரம் ஏது? இரண்டு பேரைக் கொண்டு பலகையை மண்டபத்துக்குத் தூக்கி வந்து, துணியை நீக்கி, உரத்து வாசித்தார். "இந்த மனிதர்தான்" என்று கதவடியில் நின்ற யேசுதாசனைக் காட்டினார். "இதோ அவருடைய மனைவி!"

நாற்பத்துநான்கு பேர் கை தட்டினார்கள். மிறேய் செசீலியாவைக் கட்டிப்பிடித்தார். "நீங்கள் எவ்வளவு பெருமைப்படவேண்டும்!"

செசீலியாவின் கையில் அகப்பை இருந்தது. அவர் பலகையைப் பார்த்தார். கிழவரின் எழுத்தைத் தானே ஒரு தடவை வாசித்தார். பிறகு திரும்பி, வரிசையில் மிஞ்சியிருந்த ஆறு பேருக்கும் கஞ்சி வார்த்தார். ஒரு துளியும் சிந்தவில்லை. அகப்பையைக் கழுவி வைத்துவிட்டு, பொயிலர் அறை எங்கே என்று ஒருவரிடம் கேட்டார்.

யேசுதாசன் அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். செசீலியா கதவைச் சாத்தினார்.

"இடம் இருந்ததோ?"

"ஓம்."

"எத்தினை?"

"ஒண்டு."

"அதிலை ஆர் போனது?"

"ஒருத்தரும் போகேல்லை. வெறுமையாப் போனது."

யேசுதாசன் தானாகவே தொடர்ந்தார். "கையைத் தூக்கச் சொன்னவர். எனக்குத் தூக்கப் பயமாக் கிடந்தது, செசீலியா. வேலை போயிடும் எண்டு. பிறகு அவர் நேரை வந்து கேட்டவர். அப்பவும் ஓமெண்டு சொல்ல வரேல்லை. நல்ல பேர் எடுக்கவேணுமெண்டு... அவ்வளவுதான். வேறை ஒண்டுமில்லை."

அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தார். செசீலியா சுவரில் சாய்ந்து நின்றார்.

"நான் அவனுக்குச் சொன்னனான்" என்றார்.

"ஆருக்கு?"

"பெடியனுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கையை விட்டு அவன்ரை விரலைப் பிடிச்சுக்கொண்டு சொன்னனான். அப்பா பனிக்குள்ளை மாட்டுப்பட்டுப் போனார் ராசா, வழியில்லாமல்தான் வரேல்லை, கோவிக்காதை எண்டு. அப்ப நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நானாத்தான் சொன்னனான். வழியிருந்தால் வராமல் விட்டிருப்பாரோ எண்டு எனக்கு அவ்வளவு நம்பிக்கை." கையில் ஒட்டியிருந்த கஞ்சியைச் சீலையில் துடைத்தார். "ரெண்டு நாள் இருந்தவன். அவனுக்கு இந்த உலகத்திலை ஆரும் சொன்னது அந்த ஒரு கதைதான். அதுவும் பொய்யாப் போச்சு."

யேசுதாசன் அழுதார். அறுபத்தொரு வயதில், வாளியின் மேல் இருந்து, மூக்கைத் துடைக்கத் துணி இல்லாமல் அழுதார். செசீலியா அழவில்லை. அவர் அழவேண்டியதெல்லாம் அழுது முடித்தவர்.

"நீங்கள்தான் போய் அவனுக்குச் சரியாச் சொல்லவேணும்."

"பாதை திறந்த உடனை போறன்."

"பாதைக்குக் காத்திருக்காதையுங்கோ. நாளைக்கு வெளிச்சால் ஹெலிகொப்டர் வருமாம், சமையல்காரன் சொன்னவன்."

"பொயிலர்..."

"எப்பிடிப் பார்க்கிறதெண்டு காட்டுங்கோ."

யேசுதாசன் காட்டினார். முள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். இறங்கினால் இந்தக் குழாயைத் திற. சிவப்பு விளக்கு எரிந்தால் இந்தப் பொத்தான். ஜெனரேற்றருக்கு டீசல் காலையில் ஒரு கலன், பின்னேரம் ஒரு கலன். முப்பது ஆண்டு இதையெல்லாம் பெரிய வித்தை என்று நினைத்திருந்தார். செசீலியாவுக்கு முக்கால் மணி நேரம் போதுமாயிருந்தது.

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஹெலிகொப்டர் வந்தது. இன்சுலின் முடிந்த ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், இப்படி அவசரமானவர்களை மிறேய் பட்டியல் போட்டு அனுப்பினார். மூன்றாம் பயணத்துக்கு மூன்று பேர்தான் சேர்ந்தார்கள். தகப்பன் நின்ற அதே இடத்தில் மகள் நின்று, அதே கேள்வியைக் கேட்டார்.

யேசுதாசன் கையைத் தூக்கினார்.

"என்ன தாஸ், பொயிலரில் ஏதாவது?"

"இல்லை, மடம். நான் கீழே போகவேண்டும்." மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவருடைய பிரெஞ்சு சமையலறையில் பழகியது, வினைச்சொற்கள் வழக்கம்போல் இடம் மாறி விழுந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. "எனக்கு லோசானில் ஒரு மகன். லூக்காஸ். அந்தக் கிழமைதான் பிறந்தான். இரண்டு நாளில் இறந்துபோனான். உங்கள் அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்து ஏற்றி அனுப்பியிருப்பார். நல்ல மனிதர். பலகையில் இருப்பது சரியில்லை, மடம். நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பயந்துபோய் நின்றேன்."

மிறேய் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பழைய விதி நினைவுக்கு வந்ததோ என்னவோ, அவருடைய கண் யேசுதாசனின் இடுப்புக்குப் போனது. அங்கே திறப்பு இல்லை. அது செசீலியாவின் கம்பளிச் சட்டையின் மேல், சீலை இடுப்பில் செருகியிருந்தது.

"நான் பார்க்கிறேன்" என்றார் செசீலியா. "போகட்டும்."

வாசலில் பனியைக் கிளப்பிக்கொண்டு ஹெலிகொப்டர் நின்றபோது யேசுதாசன் மனைவியின் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்க என்று வாயெடுத்தார். செசீலியா அவருடைய கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, "என்னட்டைப் பிறகு கேக்கலாம். நான் இன்னும் யோசிக்கேல்லை" என்றார்.

ஏகிளில் மெலானி காரோடு நின்றாள். தாய் ஏதோ சொல்லியிருக்கவேண்டும், வழி முழுக்க அவள் ஒன்றும் கேட்கவில்லை. லோசானில் பனியே இல்லை. சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவே புல் ஈரமாக, பச்சையாகக் கிடந்தது. மெலானி வாசலில் நின்றுகொண்டாள். பிள்ளைகளின் வரிசையில் ஏழாவது கல். இந்த நாட்டில் முப்பது ஆண்டு முடிந்தால் கல்லை எடுத்து இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்னும் நாலு ஆண்டு மிச்சம் இருந்தது. கல்லடியில் ஞானேஸ்வரி ஏற்றிய மெழுகுதிரியின் அடிக்கட்டை கிடந்தது.

யேசுதாசன் தொப்பியைக் கழற்றினார். இந்த இருபத்தாறு ஆண்டில் இங்கே எத்தனையோ தரம் வந்திருக்கிறார், எப்போதும் செசீலியாவின் பின்னால், தலையைக் குனிந்தபடி, செபம் முடியும்வரை. தனியே வந்தது இதுதான் முதல் தடவை. முழங்காலில் நின்றார். தண்ணீர் காற்சட்டையை ஊடுருவியது.

"லூக்காஸ்" என்றார். மகனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை.

"அம்மா உனக்குச் சொன்னது பிழை, ராசா. அம்மாவுக்குத் தெரியாது. இடம் இருந்தது. அப்பாதான் வரேல்லை."